செவிலியர் லினியும் அருவருப்பின்மை என்னும் அறமும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு. ஐயமின்மை, அவாவின்மை ஆகிய இரண்டனை அடுத்து மூன்றாவதாக நிற்பது அருவருப்பின்மை. வடமொழியில் இதனை நிர்விசிகித்சை என்பர். பிணியுற்ற உடலைக் கண்டு முகம் சுளியாமல் அவ்வுடலில் உறையும் உயிரின் மேன்மையை எண்ணுதலே இதன் பொருள்.

இதற்குச் சான்றாக நம் நூல்கள் உத்தாயண மன்னனைக் காட்டும். அவனுடைய உறுதியைச் சோதிக்க விரும்பிய தேவன் ஒருவன், நோயால் உடல் அழுகிய துறவியாக வடிவெடுத்து அரண்மனைக்கு வந்தான். படைத்த உணவை உண்டு அங்கேயே உமிழ்ந்தான். அரசனோ தான் இட்ட உணவில் பிழை நேர்ந்ததோ என்று வருந்தி, தன் கைகளாலேயே அவன் உடலைக் கழுவித் தூய்மை செய்தான். தேவனும் தன் உண்மை வடிவம் காட்டி வணங்கிச் சென்றான்.

தேவன் சோதிக்க வராத காலத்திலும் இவ்வறம் வாழ்கிறது என்பதற்கு ஒரு செவிலியரின் வாழ்வு சான்றாகும். கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம், பேராம்பிரா வட்ட மருத்துவமனையில் பணியாற்றியவர் லினி புதுச்சேரி. நிரந்தரப் பணியில் இல்லாதவர். கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்ய, 5 வயதும் 2 வயதும் ஆன இரு ஆண்மக்களைப் பேணிக்கொண்டே நோயாளர்க்குத் தொண்டு செய்தார். 2018ஆம் ஆண்டு மே மாதம் கடுங்காய்ச்சலோடு வந்த இளைஞர் ஒருவரை அவர் கவனித்துக்கொண்டார். அது நிபா நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

விரைவில் லினிக்கும் காய்ச்சல் கண்டது. தமக்குத் தொற்றியிருக்கலாம் என உணர்ந்ததும், தம்மைத் தனிமைப்படுத்துமாறு அவரே கேட்டுக்கொண்டார் என்பர். தனி அறையில் இருந்தபடி, குழந்தைகளை நன்கு பார்த்துக்கொள்ளும்படி கணவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். மே 21 அன்று அவர் உயிர் நீத்தார். தொற்றுக்கு அஞ்சி, உடல் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்படாமலே மின் மயானத்தில் எரியூட்டப்பட்டது. பிள்ளைகளுக்குத் தாயின் முகத்தை இறுதியாகக் காணும் வாய்ப்பும் கிட்டவில்லை.

நோயுற்ற இளைஞரிடம் அவர் நெருங்கியது அருவருப்பின்மை. தமக்கு நோய் வந்தபோது பிறரை விட்டு விலகியது அபயதானம். நெருங்குவதும் விலகுவதும் உயிர் ஓம்புதல் என்னும் ஒரே அறத்தின் இரு செயல்கள். ஆதலின் முகக்கவசமும் கையுறையும் இவ்வறத்துக்கு மாறானவை அல்ல. எச்சரிக்கை வேறு, அருவருப்பு வேறு.

இவ்வேறுபாட்டைச் சமூகம் மறந்ததுதான் வருத்தத்துக்குரியது. லினியின் மறைவுக்குப் பின், அம்மருத்துவமனைச் செவிலியரைப் பேருந்திலும் ஆட்டோவிலும் ஏற்றத் தயங்கினர் என்ற செய்தி வந்தது. அது கேரளத்து நிகழ்ச்சி என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை நம் அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவந்தபோது அப்பகுதியினர் எதிர்த்தனர். உடல் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. சில நாள்களில் சென்னையிலேயே மற்றொரு மருத்துவரின் நல்லடக்கத்தின்போது கல்வீச்சும் நடந்தது. இறுதிச் சடங்கைத் தடுப்போரைத் தண்டிக்க அம்மாதமே தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. உள்ளத்தில் இருக்கவேண்டிய அறம் குறைந்த இடத்தில் சட்டம் வந்து நின்றது.

அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியமும் ஒன்று. துறவியர்க்குச் செய்யும் தொண்டாக அது விதிக்கப்பட்டது. நோயுற்ற எளியோர்க்கோ இல்லறத்தார் செய்யவேண்டியது ஔடத தானம். மருந்துக்குப் பொருள் கொடுப்போர் நம்மிடையே பலர் உள்ளனர். அம்மருந்தை ஊட்டி, புண்ணைக் கழுவி, இரவெல்லாம் விழித்திருக்கும் கைகள் இல்லையேல் அத்தானம் நோயாளரைச் சென்று சேராது. பழந்தமிழ் அகப்பாடல்களில் செவிலி என்பவள் வளர்ப்புத்தாய். அத்தாய்மைப் பெயரையே இப்பணிக்குத் தமிழ் வழங்கியிருக்கிறது.

கேரள அரசு லினியின் பிள்ளைகள் இருவருக்கும் தலா 10 லட்சம் ரூபாயும் கணவருக்கு அரசுப் பணியும் வழங்க முடிவு செய்தது. அரசு செய்யவேண்டியது அது. நாம் செய்யவேண்டியவையும் சில உண்டு. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் வாடகைக்கு வீடு தேடி வரும் செவிலியருக்குக் கதவைத் திறப்போம். இரவுப்பணி முடித்துத் திரும்பும் மருமகளுக்குச் சமையற்கட்டு காத்திராதபடி பார்த்துக்கொள்வோம். செவிலியர் படிப்பை விரும்பும் மகளை, 'அது நமக்கு வேண்டாம்' என்று தடுக்காதிருப்போம். பாடசாலையில் உத்தாயணன் கதையைச் சொல்லும்போது லினியின் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.

வாழ்க அறம்.