கம்பெனியும் கடமையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ரயில்வே குமாஸ்தாவுக்கும் கம்பெனிச் சட்டத்துக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வக்கீலும் அல்லோம், ஆடிட்டரும் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ஸ்டேட்மெண்ட் எழுதியே தலை நரைத்தவர். ஆயினும் நம் காலனி வீடுகளிலே இன்று கம்பெனிகள் பிறக்கின்றன. ரயில்வே ஊழியர் அனுமதியின்றி வியாபாரம் நடத்த 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இடங்கொடா. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கோ இரண்டு டைரக்டர்கள் வேண்டும். ஆகவே மகனோடு தாயின் பெயர் சேர்கிறது.

அத்தகைய வீடொன்றை நாம் அறிவோம். கம்பெனி ஓராண்டில் ஓய்ந்தது; பிள்ளை உத்தியோகத்துக்குச் சென்றுவிட்டான். வியாபாரமே இல்லை, கணக்கு எதற்கு என்று வாளாவிருந்தனர். சில ஆண்டுகள் கழித்து அவன் வேறொரு கம்பெனி தொடங்க முயன்றபோதுதான், தாயும் மகனும் தகுதியிழந்தவர் என்பது தெரிந்தது. “ஒரு காசுகூடக் கடன் வாங்கவில்லையே, தம்பி! நான் என்ன குற்றம் செய்தேன்?” என்று அத்தாய் கேட்டார். விடை கூற நமக்கு நா எழவில்லை.

அன்பர்களே, ‘லிமிடெட்’ என்பது நஷ்டத்துக்கு இட்ட வரம்பு. பங்குக்குரிய பணத்துக்கு மேல் கம்பெனியின் கடனுக்குப் பங்குதாரர் பொறுப்பாகார். அச்சலுகைக்கு ஈடாக, கம்பெனியின் நிலையை ஊரறியச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பொறுப்புக்கு வரம்புண்டு, கடமைக்கு இல்லை.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. முதலாண்டு நீங்கலாக, செப்டம்பர் 30-க்குள் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். அதன்பின் 30 நாட்களுக்குள் தணிக்கையான கணக்கும், 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையும் ரிஜிஸ்திராருக்குச் செல்ல வேண்டும். தவறினால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். ஓராண்டுத் தாமதத்துக்கு இரண்டும் சேர்ந்து 73,000 ரூபாய்! தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் அனுப்பாவிடில், ஐந்தாண்டுகளுக்கு எக்கம்பெனியிலும் டைரக்டராக நியமனம் பெற இயலாது. 2017-இல் இவ்வாறு தகுதியிழந்தோர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர்.

கம்பெனியை மூட விரும்பினால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க விண்ணப்பிக்கலாம். உறங்க வைக்க விரும்பினால் அதற்கும் சட்டத்தில் வழியுண்டு. சொல்லாமல் விட்டுப் போவதொன்றே வழியன்று. குடும்பத்தார் தொழில் நடத்தினால் நம் ஆபீசுக்குத் தெரிவிப்பதும் ஊழியரின் கடமையே.

தாய்மார்களே, பிள்ளைகளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், அவர்கள் உயரட்டும். ஆனால் இடுமுன், “கணக்கை யார், எந்தத் தேதியில் அனுப்புவார்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு மூட்டைகூட வாராத மாதத்திலும் ‘இல்லை’ என்று ஸ்டேட்மெண்ட் அனுப்பும் பழக்கம் நம்முடையது. அன்று அத்தாய்க்குக் கூறாத விடையை இன்று கூறுகிறோம்: நீங்கள் குற்றம் ஏதும் செய்யவில்லை, அம்மா. ‘இல்லை’ என்பதை எழுதி அனுப்பவில்லை, அவ்வளவே.