குழந்தைக்கு எந்த வண்டி?



வேலையின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நம் குடும்பங்களில் முதற் குழந்தை பிறந்ததும் ஓர் உண்மை புலப்படுகிறது. ஊரில் பாட்டியின் மடியும், அத்தையின் தோளும், சித்தியின் இடுப்பும் குழந்தையைச் சுமந்தன. இங்கே இருப்பவை ஓர் இளந்தாயின் இரண்டு கைகள் மட்டுமே. அந்தக் கைகளுக்குத் துணையாகத் தள்ளுவண்டி ஒன்று வாங்க எண்ணிக் கடைக்குப் போனால், அங்கே இரு வகை வண்டிகள் நிற்கின்றன. ஒன்று பெரியது, உறுதியானது, மெத்தென்றிருப்பது. மற்றொன்று சிறியது, இலேசானது, மடக்கிக் கையில் எடுத்துச் செல்லத்தக்கது. இவற்றுள் எதை வாங்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குழந்தை வண்டி செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளாகத் தோன்றியது. 1733-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபு வீட்டுக் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதை இழுத்தது ஒரு சிறு பிராணி. பின்னர் மனிதர் தள்ளும் வண்டிகள் வந்தன. ஆயினும் அவை நெடுங்காலம் கனத்தவையாகவே இருந்தன. ஓவன் மக்ளாரன் என்ற விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பை வகுத்தவர்களுள் ஒருவர். மாஸ்கோவிலிருந்து கைக்குழந்தையுடன் வந்த தம் மகள் கனமான வண்டியோடு படும் பாட்டைக் கண்ட அவர், அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடையைப் போல மடங்கும் வண்டி ஒன்றை 1965-இல் உருவாக்கினார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று நாம் பயண வண்டி என்று அழைப்பவை அதன் வழித்தோன்றல்கள். ஆகவே, சிறு வண்டி என்பது பெரிய வண்டியின் மலிவுப் பதிப்பு அன்று. தூக்கிச் செல்வோரின் சிரமத்தைத் தீர்க்கப் பிறந்த வேறொரு கருவி அது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். பெரிய வண்டியின் எடை பொதுவாகப் பத்து முதல் பதினைந்து கிலோ வரை இருக்கும். சிறியதன் எடை ஐந்து முதல் எட்டு கிலோ வரை. பெரியதில் முதுகுச் சாய்வைப் படுக்கை மட்டத்துக்குத் தாழ்த்தலாம். சில வண்டிகளில் தொட்டிலைப் போன்ற தனிப் படுக்கையையே பொருத்தலாம். சிறியவற்றுள் பலவற்றில் சாய்வு பாதி வரைதான் இறங்கும்.

இந்தச் சாய்வு சுகத்தைப் பற்றியது மட்டும் அன்று, குழந்தையின் மூச்சைப் பற்றியது. தலை நிற்காத பச்சிளங் குழந்தையைச் சாய்ந்த இருக்கையில் வைத்தால், தலை முன்னே கவிழ்ந்து, மோவாய் மார்பைத் தொட்டு, மூச்சுக் குழல் நெருக்கப்படலாம். ஆகையால் முதல் ஆறு மாதங்களுக்கு, முழுவதும் படுக்க வைக்கத்தக்க வண்டியே ஏற்றது. குழந்தையின் தலை நன்றாக நின்று, தானே உட்காரத் தொடங்கிய பின்னரே பாதி சாயும் சிறு வண்டியைப் பயன்படுத்தலாம். சிறு வண்டிகளிலும் முழுமையாகப் படுக்கும் அமைப்புள்ளவை சில உண்டு. கடைக்காரர் சொல்வதோடு நில்லாமல், சாய்வைத் தாழ்த்திக் கண்ணால் பார்த்துக்கொள்க.

அடுத்தது சாலை. சிறு வண்டியின் சக்கரம் பன்னிரண்டு அல்லது பதினைந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ளது. பெரிய வண்டியின் பின்சக்கரம் இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் வரை இருக்கும். பன்னிரண்டு சென்டிமீட்டர் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குப் பெயர்ந்து நிற்கும் நடைபாதைக் கல் ஒன்று குறுக்கிட்டால், எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் ஏறாது. முன்புறத்தைத் தூக்கித்தான் ஏற்றவேண்டும். மரவேர்கள் பெயர்த்த கல்லும், மூடப்படாத பள்ளமும் நம் நகரங்களின் நடைபாதைகளில் அரியவை அல்ல. ஆனால் டில்லி லோதி தோட்டத்தின் பாதைகளிலும், கொல்கத்தா ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலும், விமான நிலையத்தின் வழவழத்த தரையிலும் சிறு வண்டி நன்றாகவே ஓடும். உங்கள் வீட்டு வாசலிலிருந்து பூங்காவரை ஒருமுறை தரையைப் பார்த்துக்கொண்டு நடந்து வாருங்கள். எந்தச் சக்கரம் வேண்டும் என்பதை அந்தப் பாதையே சொல்லிவிடும்.

சாலையினும் முக்கியமானது மாடிப்படி. கரோல்பாகிலும் மாதுங்காவிலும் உள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தாய் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். கணவர் அலுவலகம் போய்விட்டார். குழந்தை ஆறு கிலோ, வண்டி பதின்மூன்று கிலோ, பால் புட்டியும் மாற்றுத் துணியும் உள்ள பை ஒரு கிலோ. இருபது கிலோவை அவள் படியில் இறக்க முடியாது. வண்டியை முதலில் கீழே வைத்துவிட்டு வரலாமென்றால், அதுவரை குழந்தையை யார் பார்ப்பார்? இரண்டு நாள் முயன்றுவிட்டு, மூன்றாம் நாள் அவள் வெளியே போவதையே நிறுத்திவிடுவாள். விலையுயர்ந்த வண்டி கூடத்தின் மூலையில் துணி போடும் இடமாகிவிடும். பாஷை தெரியாத ஊரில், பேச்சுத் துணை இல்லாமல், நான்கு சுவர்களுக்குள் பகலெல்லாம் கழிக்கும் இளந்தாய்க்கு மாலையில் அரை மணி நேரம் வெளிக்காற்றும் மனித முகங்களும் எத்துணை அவசியமானவை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் மடக்கித் தூக்க இயலும் வண்டியே மாடி வீட்டுக்கு உரியது. மின்தூக்கி உள்ள வீட்டிலும், வண்டி அதனுள் நுழையுமா என்று அளந்து பார்ப்பது நலம்.

ஊருக்குப் போகும் பயணத்தை எண்ணி வண்டி வாங்குவோரும் உண்டு. புது டில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். பயணம் ஒன்றரை நாள். இரயில் பெட்டியின் படியேறும்போதே வண்டியை மடக்கியாக வேண்டும். சிறியது கீழ்ப்படுக்கையின் அடியில் அடங்கிவிடும். பெரியது வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். விமானத்திலோ, பெரும்பாலும் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம். மிகச் சிறிதாக மடங்குபவற்றை உள்ளே அனுமதிப்பதும் உண்டு. விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்க. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நேரும் பயணத்துக்காக, நாள்தோறும் நடக்கும் பாதையை மறந்துவிடலாகாது. ஊர் போய்ச் சேர்ந்தால் குழந்தை வண்டியிலா இருக்கப் போகிறது? ஒரு மடியிலிருந்து மறு மடிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பெரிய வண்டிக்கு உரிய சிறப்பு ஒன்றையும் கூற வேண்டும். அவற்றுள் பலவற்றில் குழந்தை தாயின் முகத்தைப் பார்த்திருக்குமாறு இருக்கையைத் திருப்பலாம். சிறு வண்டிகள் பெரும்பாலும் வெளிப்புறம் நோக்கியவை. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வொன்று 2008-இல் வெளியாயிற்று. குழந்தை தம்மை நோக்கியிருக்கும்போது பெற்றோர் அதனுடன் பேசுவது இரு மடங்குக்கும் மேல் மிகுதி என்று அது கண்டது. இச்செய்தி நமக்குச் சிறப்பாகப் பொருந்தும். தெருவில் இந்தியும் மராத்தியும் வங்காளமும் ஒலிக்கும் ஊரில், தமிழ் நம் குழந்தையின் காதில் விழுவது பெற்றோரின் வாய்மொழியாகத்தான். வெளிநோக்கிய வண்டியை வாங்கினால், வழியில் அவ்வப்போது நிறுத்தி, முன்னே வந்து குனிந்து, மரத்தையும் காக்கையையும் காட்டிப் பேசுங்கள். குழந்தைக்கு வேண்டியது முகமும் குரலும். வண்டியின் விலை அன்று.

எந்த வண்டியானாலும் சில எச்சரிக்கைகள் பொதுவானவை. தோள், இடுப்பு, கால்களின் நடு ஆகிய ஐந்து இடங்களிலும் பிடிக்கும் வார் இருக்கட்டும். அதை ஒவ்வொரு முறையும் பூட்டுக. நின்றவுடன் தடையை அழுத்துக. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கிய கணத்தில் இலேசான வண்டி பின்னே கவிழும். விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தையின் விரல்கள் அருகில் இல்லாதிருக்கட்டும். வெயிலுக்கு அஞ்சித் துணியால் வண்டியை முழுதும் மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறும். மேற்கூரையின் நிழலே போதும். வண்டியில் இருக்கும் குழந்தை வாகனப் புகை வெளிவரும் உயரத்தில்தான் மூச்சு விடுகிறது. ஆகையால் பெருஞ்சாலையைத் தவிர்த்து உள்தெரு வழியே செல்க. டில்லியின் பனிக்காலப் புகைமூட்ட நாட்களில் வெளியே செல்லாதிருப்பதே நன்று.

முடிவாகச் சொல்வது இது. தரைத்தளத்தில் வீடும், அருகே பூங்காவும் உள்ளோர் பெரிய வண்டியை வாங்கலாம். மூன்று வயது வரை அது பயன்படும். மாடியில் குடியிருந்து, பேருந்திலும் இரயிலிலும் செல்வோர் முழுதும் சாயும் சிறு வண்டியைத் தேடுக. அது கிடைக்கவில்லையாயின், ஆறு மாதம் வரை குழந்தையைத் தோளில் சுமந்து, பிறகு வாங்குக. அதனால் குறைவொன்றும் நேராது. வாங்கும் நாளில் தந்தை மட்டும் கடைக்குப் போவது போதாது. நாள்தோறும் தள்ளப்போகும் தாய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதை மடக்கிப் பத்துப் படி ஏறி இறங்கட்டும். அவளுக்கு எது இயலுகிறதோ, அதுவே உங்கள் வீட்டுக்குரிய வண்டி.