பள்ளிக்கூடக் குழுவும் "ஏகமனத்" தேர்தலும்

(காயல்பட்டினத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்றைய பேச்சுக்கு நோட்டீசில் "பள்ளிக்கூடத் தேர்தல்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். சட்டசபைத் தேர்தல் தெரியும், முனிசிபல் தேர்தல் தெரியும், பள்ளிக்கூடத்துக்கு ஏது தேர்தல் என்று உங்களில் பலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஏனெனில் அந்தத் தேர்தல் நடப்பது யாருக்கும் தெரியாமலே பல ஊர்களில் நடந்து முடிந்து விடுகிறது. மறுநாள் விசாரித்தால் "ஏகமனதாய்த் தெரிந்தெடுத்தாகி விட்டது" என்கிறார்கள். யாருடைய மனம் என்று கேட்பாரில்லை. அதைக் கேட்கவே நாம் வந்திருக்கிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 2009ல் செய்யப்பட்டு 2010 ஏப்ரல் 1ந் தேதி அமுலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவானது, சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கும் சர்க்கார் உதவி பெறும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டுமென்கிறது. அதில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் அங்கே படிக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் இருக்க வேண்டும். மொத்தத்தில் சரிபாதி பெண்கள் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட, ஏழைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம் இருக்க வேண்டும். நம் ராஜ்யத்தில் 2022ல் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர் என்றும், தலைமை ஸ்தானம் பெற்றோரில் ஒரு பெண்ணுக்கே என்றும் ஏற்பாடு செய்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது 24 பேராக்கி, அந்தப் பள்ளியில் படித்துப் போன பழைய மாணாக்கருக்கும் இடம் கொடுத்தார்கள். ஆயுள் இரண்டு வருஷம்.

குழுவுக்கு வேலை என்னவென்றால், பள்ளிக்கூடம் நடக்கிற விதத்தைப் பார்வையிடுவது, அபிவிருத்திக்குத் திட்டம் எழுதிக் கொடுப்பது, வந்த கிராண்டுப் பணம் எப்படிச் செலவாயிற்றென்று கவனிப்பது ஆகியவைகளாகும். இதெல்லாம் காகிதத்தில் இருப்பது தானே என்று சிலர் சொல்லக்கூடும். 2022ல் இந்த ராஜ்யத்தில் காலியாயிருந்த 13,331 உபாத்தியாயர் ஸ்தானங்களுக்குத் தற்காலிகமாய் ஆள் எடுக்கும் வேலையையே இக்குழுக்களிடம் விட்டார்கள். அந்த நியமனத்தைப் பற்றி ஹைகோர்ட்டு வரை வழக்கும் போயிற்று. உபயோகமற்ற ஒன்றுக்காக யாரும் கோர்ட்டுப் படி ஏறமாட்டார்கள்.

தோழர்களே! பள்ளிக்கூட நிர்வாகம் யார் கையில் இருக்கிறதென்பதில் நமக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இந்த இயக்கத்தின் கதையில் பெரும்பாகம் அங்கிருந்தே வந்தது. இந்தத் தாமிரவருணி ஓடி வருகிற வழியில் தான் சேரமாதேவி இருக்கிறது. அங்கே வ.வெ.சு. அய்யர் தேசியக் கல்விக்கென்று குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் 10,000 ரூபாய் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்தது. பார்ப்பனரல்லாத செல்வர்களும் வாரிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் உள்ளே போன பிறகு தெரிந்த சங்கதி என்னவென்றால், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்பதாகும். 1924லும் 1925லும் இதைப் பற்றித் தமிழ்நாடு பூராவும் கிளர்ச்சி நடந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், அப்போது காங்கிரசில் இருந்த பெரியாரும் கேட்ட கேள்வி ரொம்பச் சுலபமானது: பணம் எங்களுடையது, பிள்ளை எங்களுடையது, பந்தி போடுகிற அதிகாரம் மாத்திரம் ஏன் உங்களுடையது? அந்தக் குருகுலத்துக்குப் பெற்றோரால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு கமிட்டி இருந்திருக்குமானால், தனிப் பந்தி ஒரு வாரம் நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

சர்க்கார் பள்ளிகளின் சங்கதியும் அந்நாளில் வெகு அழகாயில்லை. 1920ம் வருஷத்து லோகல் போர்டுச் சட்டப்படி ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளிகளைப் பார்த்து வந்தன. அந்தப் போர்டுகளுக்கு ஓட்டு வரி கட்டுகிறவனுக்கே இருந்தது. ஆகவே வரி கட்ட வகையில்லாத கூலிக்காரனின் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள்ளே உட்காருவதா, திண்ணையில் உட்காருவதா என்பதை மிராசுதார்கள் தீர்மானித்தார்கள். நல்லவர் கையில் போர்டு வந்த இடத்தில் நன்மையும் நடந்தது. 1929ல் செங்கற்பட்டு முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டில் தலைமை வகித்த தோழர் டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மாட்டேனென்ற பஸ்காரர்களை லைசென்சைக் காட்டி வழிக்குக் கொண்டு வந்தார். ஆனால் நல்லவர் வரும்வரை காத்திருப்பதென்பது ஒரு நிர்வாக முறையாகாதல்லவா?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. வரியும் வேண்டாம், நிலமும் வேண்டாம், பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும், தாய்க்கு உரிமை உண்டு. மாடு மேய்க்கிறவளும் உப்பளத்தில் வேலை செய்கிறவளும் தலைவியாகலாம். இது சாமான்யமான மாறுதலல்ல. அப்படியிருக்க நடப்பதென்ன?

பல ஊர்களில் நடப்பதைச் சொல்லுகிறோம். தேர்தல் நாள் என்று ஒன்று குறிக்கப்படும். பிள்ளை கையில் துண்டுச் சீட்டு வரும். வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். வந்த பத்து இருபது பேர் பெஞ்சியில் உட்கார்ந்திருக்க, ஏற்கனவே எழுதி வைத்த பெயர்கள் படிக்கப்படும். தெருவுக்கு ஒன்று, ஜாதிக்கு ஒன்று, பெரிய மனிதருக்கு வேண்டிய வீட்டுக்கு இரண்டு என்று கணக்குச் சரியாயிருக்கும். "எல்லோருக்கும் சம்மதந்தானே?" என்று ஒரு குரல் கேட்கும். யாரும் வாய் திறக்காததே சம்மதமாகிவிடும். அதற்குப் பிறகு தலைவி வீட்டுக்குக் கையெழுத்து வாங்க நோட்டு போகும், கூட்டத்துக்குத் தலைவியின் புருஷன் வருவான்! பெண்ணுக்கென்று வைத்த நாற்காலியில் ஆண் உட்காருவது நமது நாட்டுக்குப் புதிதல்ல, ஆனாலும் பள்ளிக்கூடத்தில், அதுவும் பிள்ளைகள் பார்க்கும்படியாக அது நடப்பது வெட்கக்கேடு.

போட்டி வைத்தால் ஊர் இரண்டு படுமே என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். ஊர் ஏற்கனவே மேலத்தெரு, கீழத்தெரு, சேரி என்று எத்தனையாகப் பட்டிருக்கிறதென்பது அவர்களுக்குத் தெரியாதா? அந்தப் பிளவு வெளியே தெரியாமல் மூடி வைப்பதற்கு "ஏகமனது" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர், தாய்மாருக்கு நிர்வாகம் என்ன தெரியும் என்கிறார்கள். பிள்ளை காலையில் சாப்பிட்டதா, கக்கூசில் தண்ணீர் வருகிறதா, வாத்தியார் எத்தனை மணிக்கு வருகிறார், புத்தகப் பையில் இந்த மாதம் ஒரு பக்கமாவது எழுதப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் தாய்க்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூட நிர்வாகம் என்பதில் இவைகளுக்கு மேல் என்ன ரகசியம் இருக்கிறது?

பெற்றோர் விழித்துக்கொண்டால் என்ன ஆகுமென்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு உதாரணம் சொல்லுகிறோம். அந்நாட்டில் பள்ளிக்கூட வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போர்டு உண்டு. பெரும்பாலான இடங்களில் ஊரார் ஓட்டுப் போட்டே மெம்பர்களைத் தெரிந்தெடுக்கிறார்கள். வீட்டு வரியில் ஒரு பங்கு பள்ளிக்கே போகிறது. அங்கேயும் சாதாரண காலத்தில் இந்தத் தேர்தலுக்கு ஓட்டுப் போட வருகிறவர்கள் கொஞ்சம் பேர் தான். பென்சில்வேனியா ராஜ்யத்தில் யார்க் கவுண்டியில் டோவர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் போர்டில் மதப்பற்றுக்காரர்கள் மெஜாரிட்டியாகி, 2004 அக்டோபரில் 6க்கு 3 ஓட்டில் ஒரு தீர்மானம் செய்தார்கள். மனிதன் படிப்படியாய் உண்டானான் என்ற டார்வின் கொள்கையில் ஓட்டைகள் இருக்கிறதென்றும், ஒரு புத்தியுள்ள கர்த்தா உலகத்தைத் திட்டமிட்டுச் செய்திருக்கலாமென்றும் பிள்ளைகள் காதில் போட வேண்டுமென்பது அதன் கருத்து. சயன்சு உபாத்தியாயர்கள் அந்த அறிக்கையை வகுப்பில் படிக்க மாட்டோமென்று மறுத்துவிட்டார்கள். அதிகாரிகளே வந்து படித்துவிட்டுப் போனார்கள். 11 பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள்.

வழக்கு நடந்து முடிந்து தீர்ப்பு வருவதற்குள் 2005 நவம்பர் 8ந் தேதி போர்டுத் தேர்தல் வந்தது. போட்டியிட்ட பழைய மெம்பர்கள் 8 பேரும் தோற்றுப் போனார்கள். டிசம்பர் 20ந் தேதி ஜட்ஜ் ஜோன்ஸ் என்பவர், இது சயன்சு வேஷம் போட்ட மதமே என்றும், பொதுப் பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமில்லை என்றும் தீர்ப்புச் சொன்னார். செலவுத் தொகையாக சுமார் 10 லட்சம் டாலரை வட்டாரமே கொடுக்க வேண்டியதாயிற்று. கடவுளுக்கு வக்கீலாகப் போனவர்கள் பீசை ஊரார் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, கோர்ட்டு சொல்லுமுன்னே ஊரார் ஓட்டினால் சொல்லி விட்டார்கள் என்பதே. அசட்டையாயிருந்ததால் அந்த மெஜாரிட்டி உள்ளே வந்தது, அசட்டை நீங்கியதும் வெளியே போயிற்று.

பெண்களைப் பற்றி இன்னொன்று. இங்கிலாந்தில் பெண்களுக்குப் பார்லிமெண்டு ஓட்டு கிடைத்தது 1918ல். ஆனால் 1870ம் வருஷத்துக் கல்விச் சட்டத்தின்படி அமைந்த பள்ளிப் போர்டுகளுக்கு நிற்கவே பெண்களுக்கு உரிமை இருந்தது. 1888ல் லண்டன் போர்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அன்னிபெசண்டு அம்மையார். அப்போது அவர் பிராட்லாவுடன் சேர்ந்து நாஸ்திகம் பேசிக்கொண்டிருந்தவர். போர்டில் உட்கார்ந்து, பட்டினிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டுமென்று வாதாடினார். பிற்காலத்தில் அடையாற்றில் உட்கார்ந்து அவர் பேசியவைகளை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் முன் செய்த வேலை இல்லையென்றாகிவிடாது. சென்னையில் 1920ல், சர். தியாகராயர் தலைமையிலிருந்த கார்ப்பொரேஷன் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் சாப்பாடு போட ஆரம்பித்ததும் ஓட்டினால் வந்த ஸ்தாபனம் செய்த காரியமே.

இனி இவ்வூர் சங்கதிக்கு வருவோம். காயல்பட்டினம் 1986 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்து, இப்போது தூத்துக்குடி ஜில்லாவில் இருக்கிறது. பல நூறு வருஷமாய்க் கடல் வாணிபம் செய்து, கணக்கு எழுதுவதில் பேர் போன ஊர். இங்குள்ள ஆண்களில் ஏராளமானவர்கள் கொழும்பு, ஹாங்காங், அரபு நாடுகள் என்று பிழைப்புக்குப் போயிருக்கிறார்கள். வருஷத்தில் பத்து மாதம் பிள்ளைக்கு ஜவாப்தாரி யாரென்றால் தாய் தான். மணியார்டர் வந்தால் வாங்குவதும், பீஸ் கட்டுவதும், ஜுரமென்றால் டாக்டரிடம் கொண்டு போவதும் அவளே. பெண்கள் நடமாட்டத்துக்கென்று முடுக்கு விட்டு வீடு கட்டிய ஊர் இது. அந்த முடுக்கு வீட்டிலிருந்து வீட்டுக்குப் போகிறது, பள்ளிக்கூடக் குழுக் கூட்டத்துக்கும் ஏன் போகக் கூடாது என்று தான் கேட்கிறோம்.

சட்டத்தில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சிறுபான்மையோர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை சொல்லலாமே தவிர வேறு அதிகாரமில்லை என்று 2012ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2014 மே 6ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் அதே கோர்ட்டின் இரண்டு ஜட்ஜுகள் சந்தேகம் கிளப்பினார்கள். சிறுபான்மையோர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையை நாம் ஒருபோதும் எதிர்க்க மாட்டோம். அது பறிபோனால் நாளைக்கு யார் கைக்குப் போகுமென்பது நமக்குத் தெரியும். ஆனால் உரிமை சமூகத்துக்கு என்றால், சமூகம் என்பதில் பிள்ளையைப் பெற்றவள் சேர்த்தியா இல்லையா? தாய்மாரைக் கமிட்டியில் சேர்த்துக்கொள்ளக் கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. டிரஸ்டிகள் மனம் வைத்தால் நாளைக்கே செய்யலாம்.

சுற்றுக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 5ந் தேதியோடு 28 ஜில்லாக்களில் பஞ்சாயத்துகளின் ஆயுள் முடிந்து நிர்வாகம் தனி அதிகாரிகள் கைக்குப் போயிற்று. தூத்துக்குடி ஜில்லாவும் அதில் ஒன்று. பஞ்சாயத்து மெம்பரே இல்லாமற் போன அந்த நாளிலும் கிராமத்தில் பெற்றோர் குழு இருந்தது. எத்தனை ஊரில் அதைக் கொண்டு வேலை வாங்கினார்கள்?

ஆகவே அடுத்த தேர்தலுக்கு நாம் கேட்டுக்கொள்வது கொஞ்சந்தான். கூட்டத்தை வேலை நேரத்தில் வைக்காமல் எல்லோரும் வரக்கூடிய வேளையில் வைக்கச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டோடு நிற்காமல் தெருத்தெருவாய்த் தமுக்கடிக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்தானத்துக்கு இரண்டு பேராவது நிற்கட்டும். கை தூக்கச் சொன்னால் முதலாளி வீட்டம்மாள் முன்னே கூலிக்காரி கை தூக்க மாட்டாள், ஆகையால் சீட்டெழுதிப் போடச் சொல்லுங்கள். தலைவி வராத கூட்டத்தில் அவள் புருஷன் பேச எழுந்தால், "அம்மா எங்கே?" என்று கேளுங்கள். மாதம் ஒரு தரமாவது கூட வேண்டுமென்றும், நடவடிக்கைக் குறிப்பைப் பொதுஜனங்கள் பார்க்க வைக்க வேண்டுமென்றும் 2010ம் வருஷத்து மத்திய சர்க்கார் மாதிரி விதிகளில் இருக்கிறது. போய் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் தன் பிள்ளையையே படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கேள்வி எழுதிய சீட்டுகள் ஏழெட்டு மேஜைக்கு வந்திருக்கின்றன. முதல் சீட்டில், தலைமை உபாத்தியாயர் நோட்டைக் காட்ட மறுத்தால் என்ன செய்வதென்று கேட்டிருக்கிறது. எழுத்து மூலம் கேளுங்கள். மறுப்பதையும் எழுத்து மூலம் தரச் சொல்லுங்கள். 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். அடுத்த சீட்டு...