வாரம் ஐந்து நாளும் பள்ளிக்கூடம்!

(இருக்கன்குடியில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்.)



கூலி உயர்வு, பஞ்சப்படி, குடிமனைப் பட்டா இவற்றைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேசாமல் போகமாட்டோம். ஆனால் இன்று பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதிலும் ஆறு, ஏழு, எட்டு என்ற மூன்று வகுப்புகளைப் பற்றி. "கட்சிக் கூட்டத்தில் இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

இந்த மூன்று வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு வயது பதினொன்று முதல் பதினான்கு. ஐந்தாம் வகுப்பு வரை அது சின்னப் பிள்ளை. அதனால் கூலி வேலை ஆகாது. ஆறாம் வகுப்பு வந்ததும் கை நீளுகிறது, விரல் ஓடுகிறது. குழாய் சுருட்டலாம், பெட்டி ஒட்டலாம், களை பிடுங்கலாம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். வேலை பிள்ளையைத் தேடி வருகிற வயது இதுதான். ஏழையின் பிள்ளை படிப்பில் நிற்பதும் விழுவதும் இந்த மூன்று ஆண்டில் தீர்மானமாகிறது.

இந்த மூன்று வகுப்பில் ஒரு வாரத்தில் என்ன நடக்கிறது? நம்மில் பலர் அந்த வகுப்பறைக்குள் உட்கார்ந்ததில்லை. ஆகவே சொல்கிறோம், கேளுங்கள்.

கணக்கை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை வாத்தியார் பின்னம் சொல்லிக்கொடுக்கிறார். அரை, கால், முக்கால். செவ்வாய்க்கிழமை அதே அரையைத் தசமமாக எழுதக் கற்றுக்கொடுக்கிறார். புதன்கிழமை அந்தத் தசமம் சதவீதமாகிறது. வியாழக்கிழமை சதவீதத்தைக் கொண்டு வட்டிக் கணக்கு. வெள்ளிக்கிழமை பரீட்சை. செவ்வாய்க்கிழமை வராத பிள்ளைக்குப் புதன்கிழமைப் பாடம் விளங்காது. புதன் விளங்காவிட்டால் வியாழன் இருட்டு. வெள்ளிக்கிழமை தாளைப் பார்த்து முழிக்கும். "எனக்குக் கணக்கு வராது" என்று அந்தப் பிள்ளை சொல்கிறது. கணக்கு வராமல் இல்லை தோழர்களே, செவ்வாய்க்கிழமைதான் வரவில்லை!

இந்தக் கணக்கு யாருக்கு வேண்டும்? முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமா? தீப்பெட்டிக்கு ஒரு குரோஸ் என்றால் 144. பன்னிரண்டரை குரோஸ் ஒட்டினால் 1,800 பெட்டி. நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு என்று எழுதி, அரையை விட்டுவிட்டால் 72 பெட்டிக்கான கூலி போயிற்று. பின்னம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அன்று இரவே கண்டுபிடித்துவிடும். பத்தாயிரம் ரூபாயை மூணு வட்டிக்கு வாங்குகிறோம். மாதம் 300 ரூபாய், கொஞ்சம்தானே என்று நினைக்கிறோம். வருஷத்துக்கு 3,600 ரூபாய். நூற்றுக்கு 36. மூன்று வருஷம் வட்டி மட்டும் கட்டினால் 10,800 ரூபாய். வாங்கிய பணத்தைவிட அதிகம் கட்டியாயிற்று, அசல் அப்படியே நிற்கிறது! எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. லாபமும் நஷ்டமும் வட்டியும் அதில்தான் வருகின்றன.

விஞ்ஞானத்துக்கு வாருங்கள். ஒரு பொருள் எரிய என்னென்ன வேண்டும்? எரிகிற பொருள் வேண்டும், காற்று வேண்டும், பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு வேண்டும். தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். உரசினால் சூடு, சூட்டினால் தீ. இந்தப் பாடம் வேறு ஊர்ப் பிள்ளைக்கு வெறும் பாடம். நம் பிள்ளைக்கு இது உயிர்! 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி நமது சாத்தூருக்குப் பக்கத்தில், அச்சங்குளத்தில், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. உராய்வு என்றால் என்ன என்று படித்த பிள்ளை, "அம்மா, நீ வேலை பார்க்கிற செட்டில் எத்தனை பேர்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி தொழிற்சங்கத்துக்குப் பெரிய பலம்.

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் சமத்துவம் என்று ஒரு பாடம் உண்டு. தெற்குத் தெருப் பிள்ளையும் வடக்குத் தெருப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படிக்கின்றன. மத்தியானம் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. ஊரில் எங்கும் நடக்காதது அந்த வகுப்பறையில் நடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறது.

இனி நஷ்டக் கணக்கைப் பார்ப்போம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 பள்ளி நாட்கள், 1,000 மணி நேரப் படிப்பு. வாரத்தில் ஒரு நாள் பிள்ளையை நிறுத்திக்கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அதாவது வருஷத்துக்கு 44 நாள், 200 மணி. மூன்று வருஷத்தில் 132 நாள், 600 மணி. "வாரத்துக்கு ஒரு நாள்தானே" என்கிறோம். மூன்று வருஷப் படிப்பில் அரை வருஷத்துக்கும் மேலாகக் காணாமல் போகிறது!

அந்த ஒரு நாளைத் திருடியது யார்? தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். பிள்ளை படிக்க வேண்டாம் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை. கூலியை நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்காமல், உருப்படிக்கு இவ்வளவு என்று முதலாளி கொடுக்கிறான். இரண்டு கை ஓடினால் அரை வயிறு, நாலு கை ஓடினால் முழு வயிறு என்று ஆக்கி வைத்திருக்கிறான். முன்பணத்தைக் கொடுத்துக் குடும்பத்தையே கட்டிப்போடுகிறான். உருப்படிக் கூலி என்ற ஏற்பாடே பிள்ளையை வகுப்பிலிருந்து இழுக்கிற கயிறு.

நமது ஊருக்கே உரிய காரணமும் ஒன்று உண்டு. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இந்த இடத்துக்கு, மாரியம்மனைக் கும்பிட ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். வருகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. அன்று கடை போட்டு நாலு காசு பார்க்கும் ஏழையையும் குறை சொல்லவில்லை. கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமையெல்லாம் பிள்ளையைக் கடையில் நிறுத்தி, பரீட்சை நாளைப் பலி கொடுக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

தோழர்களே! விடியுமுன் கிராமம் கிராமமாகப் பஸ் அனுப்பிப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிக்கொண்டு போன காலம் 1980-களிலும் இந்த வட்டாரத்தில் இருந்தது. 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், இந்தச் சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த பஸ் இப்போது வருவதில்லை. இது ஜனங்களின் வெற்றி. ஆனால் 2016-ல் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளை உதவலாம், ஆபத்தில்லாத தொழிலானால் சரி என்று ஒரு கொல்லைக் கதவைத் திறந்து வைத்தார்கள். எது வீட்டுத் தொழில், எது முதலாளியின் வேலை என்று யார் வந்து பார்க்கிறார்கள்?

'வீட்டுத் தொழில்' என்ற இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. 1953-ல் ராஜாஜி சர்க்கார், கிராமப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கம்யூனிஸ்டுகளும் திராவிட இயக்கத்தாரும் காங்கிரசிலேயே பலரும் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் பதவிக்கு வந்து அதை எடுத்தெறிந்தார். அவர் விருதுநகரில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவர். 1957-லும் 1962-லும் இந்தச் சாத்தூர்த் தொகுதியில்தான் ஜெயித்தார். காங்கிரசோடு நமக்கு எத்தனையோ சண்டை உண்டு. ஆயினும் அவர் காலத்தில் 1956-ல் மத்தியான உணவு பரவத் தொடங்கியதை நாம் மறுக்கமாட்டோம்.

உணவின் கதையைக் கேளுங்கள். 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது சின்னப் பிள்ளைகளுக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் மட்டும் வந்தது. 1984-ல்தான் பதினைந்து வயது வரை நீண்டது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதும் ஒன்று முதல் ஐந்து வரை என்றுதான் கோடு போட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசிக்காதா? தாய் விடியற்காலையில் ஆலை வண்டி ஏறுகிறாள். அடுப்பு பற்றவைக்க ஆள் இல்லை. வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காருகிற பிள்ளைக்குப் பின்னம் எப்படி ஏறும்? 1984-ல் நீண்ட கை எட்டாம் வகுப்பு வரை நீளத்தான் வேண்டும்.

சர்க்கார்களின் போக்கையும் கவனியுங்கள். 2019-ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பைக் கண்டு 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லி, 2024-25-ம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. அது யாருடைய பணம்? நாம் வாங்குகிற சோப்புக்கு மேலே வரி கட்டுகிற நம்முடைய பணம்!

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: எந்தக் காரணத்துக்கும் பள்ளி நாளில் பிள்ளையை நிறுத்துவதில்லை என்று தெருத் தெருவாகத் தீர்மானம் போடுவோம்.

இரண்டு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள் என்பது சட்டம். அந்த நாற்காலிகளில் கூலிக்காரத் தாய்மார்கள் உட்கார வேண்டும். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியாகக் கிடக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மூன்று: மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குச் சங்கத் தோழர் போக வேண்டும். அதட்டப் போகக் கூடாது. என்ன கஷ்டம் என்று கேட்கப் போக வேண்டும்.

நான்கு: எட்டாம் வகுப்பு முடிந்த பெண் பிள்ளையை, "மூன்று வருஷம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம்" என்று சொல்லி அழைத்துப் போக ஏஜெண்டு வருவான். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் எத்தனை பெண்கள் விடுதிக்குள் அடைபட்டார்கள் என்பது ஆலைத் தோழர்களுக்குத் தெரியும். அவனை ஊருக்குள் விடாதீர்கள்.

ஐந்து: கூலிப் போராட்டத்தை விடாதீர்கள். பெரியவர்களின் இரண்டு கைக்கு முழுக் கூலி கிடைத்தால்தான் பிள்ளையின் கையில் புத்தகம் இருக்கும். கூலி உயர்வுக் கோரிக்கையும் பள்ளிக்கூடக் கோரிக்கையும் ஒரே கோரிக்கைதான். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் நாம் கொடுக்கும் மனுவில் இதையும் எழுதுவோம்.

திங்கட்கிழமை காலையில் வருகைப் பதிவேட்டில் நம் தெருப் பிள்ளைகள் அத்தனை பேர் பெயருக்கும் நேரே "உள்ளேன் ஐயா" என்ற குரல் எழட்டும்! வெள்ளிக்கிழமை மாலை வரை அந்தக் குரல் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு!