செயலில் வாழும் விசுவாசம்

ஒருவருடைய சமயம் இன்னதென்பதை அவர் செல்லும் ஆலயத்தைக் கொண்டு அறியலாம். அச்சமயத்தில் அவருக்குள்ள பற்று மெய்யானதா என்பதை அவருடைய அண்டை வீட்டாரிடம் கேட்டுத்தான் அறியவேண்டும். பசித்தவருக்கும் நோயுற்றவருக்கும் அந்நியருக்கும் செய்வது தமக்கே செய்வதாகும் என இயேசுநாதர் போதித்ததாக மத்தேயு சுவிசேஷம் கூறுகிறது. எவரும் நெருங்க அஞ்சிய தொழுநோயாளியை அவர் கையால் தொட்டார் என்றும் அதில் காண்கிறோம். அந்தத் தொடுதல் நம் நாட்டில் தொடர்ந்த வரலாறு ஒன்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

கொல்கத்தாவிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் வாழும் நம்மவர்க்கு, வேலூர் என்ற பெயர் அயலாரின் வாயிலாகவே அடிக்கடி காதில் விழும். அங்கிருந்தெல்லாம் மக்கள் சிகிச்சைக்காக வேலூர் செல்லுகின்றனர். அவ்வூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946ஆம் ஆண்டில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் தொண்டாற்றிய ஆங்கிலப் பெற்றோருக்கு 1914இல் அம்மலையிலேயே பிறந்தவர் அவர்.

செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றபோது, விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கையை அவர் பற்றினார். அந்தக் கை அவருடைய கையை வலிக்குமாறு இறுக்கியது. அப்படியாயின் அதன் தசைகள் யாவும் செத்துவிடவில்லை! அந்த எண்ணத்திலிருந்தே, நல்ல தசைநாரை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் அறுவை முறை வளர்ந்தது.

நோயாளியின் விரலும் பாதமும் தாமாக அழுகுவதில்லை. வலி தெரியாமையால் சூட்டிலும் முள்ளிலும் பட்டுச் சிதைகின்றன என்பதை அவரும் உடனுழைத்தவர்களும் தெளிவுபடுத்தினர். ஆகவே புண்படும் பாதங்களுக்கு மெல்லிய ரப்பர் செருப்புகள் செய்து பார்த்தனர். சீடரின் கால்களைக் கழுவிய குருவைப் பின்பற்றியவர்களுக்கு, நோயாளியின் காலுக்குச் செருப்பு அளவெடுப்பது தாழ்ந்த பணியாகத் தோன்றவில்லை.

ஆனால் கதை இவ்வளவில் முடியவில்லை. கை நிமிர்ந்தவர்கள் ஊர் திரும்பினர். முன்பு இரக்கத்தால் பிச்சையிட்டவர்கள் இப்போது இடவில்லை. வேலை கொடுக்கவோ எவரும் முன்வரவில்லை. குணமடைந்தவர் பட்டினி கிடக்கும் நிலை வந்தது. ஆகவே மருத்துவமனையைச் சார்ந்து புதுவாழ்வு நிலையம் ஒன்று அமைத்து, மரப்பொம்மை செய்தல் முதலிய தொழில்களைக் கற்பித்தனர். மருத்துவர் கையைத் திருத்தலாம். அந்தக் கைக்கு வேலை கொடுப்பவரும், அக்கையினருக்கு வீடு கொடுப்பவரும் அவரல்லர். அது ஊராரின் பொறுப்பு.

இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையில் ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் சிகிச்சை முடிகிறது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. மணமுறிவுக்கு இந்நோயைக் காரணமாகக் காட்டும் விதி, கிறிஸ்தவர்களுக்குரிய மணமுறிவுச் சட்டத்திலிருந்தும் ஏனைய சில சட்டங்களிலிருந்தும் 2019இல் அகற்றப்பட்டது. ஏட்டில் உள்ள ஒரு சொல்லை நீக்க ஒரு திருத்தம் போதும் என்பதை, சட்ட வாசகங்களை மொழிபெயர்க்கும் பணியில் இருக்கும் நான் நன்கு அறிவேன். மனத்தில் உள்ளதை நீக்கும் திருத்தத்தை அவரவரே இயற்றிக்கொள்ள வேண்டும்.

பிறந்த மண்ணை விட்டு வாழும் நமக்கு இது எளிதில் விளங்கவேண்டும். மொழி எது, உணவு எது என்று விசாரித்து, "இடமில்லை" என்று கதவைச் சாத்திய வீட்டுக்காரரை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். வடுப்பட்ட கையுடன் ஒருவர் வேலை கேட்டு வரும்போது கதவு நம்முடையதாகிறது. அவருக்கு வேலை தரலாம். ரயிலில் அருகே அமரலாம். சில்லறையை மேசைமீது வைக்காமல் அவர் கையிலேயே கொடுக்கலாம்.

கிறிஸ்தவராயின், ஞாயிறு காலை வழிபாட்டில் சொன்ன "ஆமென்" திங்கட்கிழமை இவ்வாறு மெய்ப்படும். பிற சமயத்தினருக்கும் இவற்றுள் செய்யத்தகாதது ஒன்றுமில்லை.