யானையின் தடமும் செங்கல்லின் மண்ணும்



1990ஆம் ஆண்டு மூன்று யானைகள் ஜொகூரிலிருந்து நீரிணையை நீந்திக் கடந்து நம் தெக்கோங் தீவில் கரையேறின. அவை பிடிக்கப்பட்டு, மீண்டும் ஜொகூருக்கே அனுப்பப்பட்டன. நமக்கு அது வியப்புச் செய்தி. கோயம்புத்தூரை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கோ யானையின் வருகை அன்றாட அச்சம். அதன் காரணத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இப்பள்ளத்தாக்கு செம்மண் வளம் மிக்கது. சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், பன்னிமடை, சோமையம்பாளையம் ஆகிய ஊர்களில் செங்கற்சூளைகள் பெருகின. வளர்ந்துவரும் நகரத்துக்குச் செங்கல் தேவைப்பட்டது. மண்ணை அள்ள அள்ள நிலம் ஆழ்ந்த பள்ளங்களாயிற்று; ஓடைகள் சிதைந்தன; யானைகள் காலங்காலமாக நடந்த தடங்கள் துண்டுபட்டன. சூளைக்கு எரிபொருளாகப் பனைமரங்களை வெட்டி அடுக்கினர். பனையின் உட்சோற்றை யானை விரும்பி உண்ணும். ஆகவே, வழியை மறித்த இடத்திலேயே உணவையும் வைத்தாயிற்று. ஊருக்குள் வந்த யானையைக் குற்றவாளி என்பது எங்ஙனம் பொருந்தும்?

வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் சென்றன. 2021ஆம் ஆண்டில், உரிய அனுமதியின்றி இயங்கிய 170க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. சட்டப்படி அது சரியான நடவடிக்கையே. எனினும், சூளை அணைந்த அன்றே கல்லறுத்தவரின் கூலியும் சுமையேற்றியவரின் கூலியும் நின்றன. மண்ணால் பொருள் ஈட்டியவர் ஒருவர். அம்மண்ணில் வேலை இழந்தவர் வேறொருவர். இவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்து, 'உள்ளூர் மக்களின் நலன்' என்று ஒரு சொல்லால் குறிப்பது நேர்மையன்று.

மற்றொரு நிகழ்வு மொழியோடு தொடர்புடையது. 2024 ஏப்ரலில் தமிழ்நாட்டு வனத்துறை 42 யானை வழித்தடங்களைக் குறிக்கும் வரைவறிக்கை ஒன்றை வெளியிட்டது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. பழங்குடியினரும், சிறு விவசாயிகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் வாழும் பகுதி அது. தம் வீடும் நிலமும் என்னாகுமோ என அவர்கள் அஞ்சினர். அறிக்கை ஆங்கிலத்தில் வெளியானதும், கருத்துரைக்கத் தரப்பட்ட காலம் குறுகியதும் அவ்வெதிர்ப்பின் முக்கியக் குறைகளாயின. களிறு, பிடி, வேழம், குஞ்சரம் என யானைக்கு இத்தனை பெயர் கொண்ட மொழியைப் பேசும் மக்களிடம், யானையைப் பற்றிய கருத்தை வேற்றுமொழியில் கேட்டால் அவர்கள் எவ்வாறு விடை கூறுவர்? புரியாத அறிக்கை ஐயத்தையே வளர்க்கும்; அந்த ஐயத்தின் விலையை இறுதியில் யானையும் சேர்ந்தே செலுத்தும்.

நாமும் இச்சிக்கலுக்கு அயலார் அல்லர். இதே கிளமெண்டியில், பழைய இரயில் தடத்தையொட்டி வளர்ந்த காடு 1998 முதல் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம். அதைக் காக்கவேண்டும் என்ற குரல் எழுந்தபோது, உடனடியாக வீடு கட்டும் தேவையில்லை என அரசு விளக்கியது. கிளமெண்டிக்கு வரவிருக்கும் குறுக்குத்தீவு இரயில் பாதை, மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்தின் கீழே ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் செல்லும் என 2019இல் முடிவாயிற்று. அம்முடிவை அனைவரும் ஏற்றனர் என்பதற்கில்லை. ஆனால் தோண்டுவதற்கு முன்பே ஆய்வும் விவாதமும் நிகழ்ந்தன. தடாகத்தில் அவை தோண்டிய பின்னரே தொடங்கின.

நம் வீடுகளுக்கான மணலும் கருங்கல்லும் பெரும்பாலும் பிற நாடுகளிலிருந்து வருபவை. அவை எந்த மலையின் பகுதி, அங்கே யார் வாழ்ந்தனர், எந்த விலங்கு நடந்தது என்று நாம் வினவுவதில்லை. ஆசிரியர்கள் இவ்வினாவை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன். மாணவர்களே, நாளை உங்களுள் ஒருவர் பொறியாளராகவோ அதிகாரியாகவோ ஓர் அறிக்கை எழுதக்கூடும். அந்நிலத்தில் வாழ்பவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியிலும் அதனை எழுதுங்கள். மண்வெட்டி நிலத்தைத் தொடுமுன் அவர் கைக்கு அது சென்று சேரட்டும்.