ஒலித்தால்தான் கருவி



கவிதைக்கெனப் பத்தாண்டுகளாகக் கூடிவரும் இந்த அவையில் அமெரிக்க ஜாஸ் இசையின் பழைய கிதார்களைப் பற்றிப் பேச முன்வந்தமைக்குக் காரணம் உண்டு. பழையதொன்றை நாம் எதற்காகப் போற்றுகிறோம் என்னும் கேள்வி கவிஞர்களுக்கும் உரியது. இக்கேள்விக்கு அந்தக் கிதார்கள் சந்தையில் ஒரு விடையும் மேடையில் வேறொரு விடையும் தருகின்றன. இரண்டில் எதை ஏற்பது என்பதே என் உரையின் பொருள்.

நாம் பரவலாகக் கண்டிருக்கும் கிதாரின் முகப்புப் பலகை தட்டையானது. அதன் நடுவே வட்டத் துளை இருக்கும். ஆர்ச்டாப் எனப்படும் கிதாருக்கோ வயலினைப் போலப் புடைத்த முகப்பு. தந்திகளைத் தாங்கும் குதிரை ஒட்டப்படாமல் அவற்றின் அழுத்தத்தாலேயே நிற்கும். கெட்டியான ஸ்ப்ரூஸ் பலகையைச் செதுக்கியே அந்த வளைவை எடுக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம், லாயிட் லோர் அங்குப் பணியாற்றிய காலத்தில், 1922-இல் வெளியிட்ட எல்-5 கிதார், முகப்பின் இருபுறமும் வயலினின் வளைவுத் துளைகளைக் கொண்டு வந்து, இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது. நியூயார்க்கில் 1932-இல் சிறு பட்டறை திறந்த ஜான் டி'ஆஞ்செலிகோ, 1964-இல் மறையும்வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கிதார்களைச் செய்தளித்தார்.

இக்கருவியின் இயல்பான குரலை அறிய ஃபிரெட்டி கிரீனைக் கேட்க வேண்டும். கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் 1937-இல் சேர்ந்த அவர், 1987-இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் தாளத்தை ஆர்ச்டாப் கிதாரால் நடத்திச் சென்றார். தனி வாசிப்பை அவர் நாடவில்லை. ஆறு தந்திகள் இருந்தும் பலவேளைகளில் இரண்டு மூன்று சுரங்களோடு நிறைவு கண்டார். சொற்செட்டு என்று நாம் பேசுவதற்கு இசையில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஊதுகருவிகளின் முழக்கத்தில் கிதார் தனித்துப் பாட மின்சாரம் தேவைப்பட்டது. கிப்சன் 1936-இல் வெளியிட்ட ஈ.எஸ். 150 கிதாரைக் கையிலேந்தி, 1939-இல் பென்னி குட்மனின் குழுவுக்கு வந்தார் சார்லி கிறிஸ்டியன். காசநோய் அவரை 1942-இல், இருபத்தைந்தாம் வயதில், கொண்டுபோனது. அதற்குள் சாக்சபோனுக்கு நிகராகக் கிதாரை நிறுத்திவிட்டார்.

மின்சாரம் புதிய தொல்லையையும் தந்தது. ஒலிபெருக்கியின் ஓசை கிதாரின் உட்கூட்டில் திரும்பப் புகுந்து ஊளையிடும். 1949-இல் வந்த ஈ.எஸ். 175 கிதாருக்குச் செதுக்கிய பலகைக்குப் பதிலாக அடுக்கி ஒட்டிய மேப்பிள் பலகையை வைத்தார்கள். மலிவும் உறுதியும் கொண்ட அந்த ஒட்டுப்பலகையின் அடங்கிய நாதமே பின்னர் ஜாஸ் கிதாரின் குரலென்று பெயர் பெற்றது. 1958-இல் வந்த ஈ.எஸ். 335 இன்னொரு வழி கண்டது: மெல்லிய உடலின் நடுவே கெட்டியான மரக்கட்டை ஒன்று ஓடும், இருபக்கமும் குடைவாக இருக்கும். செமி-ஹாலோ என்பது இதுவே.

இனிச் சந்தைக்கு வருவோம். அங்கே மூலநிலை மாறாமைக்கே விலை. மறுபூச்சு, மாற்றிய பிக்-அப், மாற்றிய முறுக்காணி ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். இரைச்சலை நீக்கும் ஹம்பக்கர் பிக்-அப்புகளைக் கிப்சன் 1957-இல் பொருத்தத் தொடங்கியபோது காப்புரிமை கைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே, விண்ணப்பித்திருப்பதாக அறிவிக்கும் சிறு சீட்டு ஒன்றை அவற்றின் அடியில் ஒட்டினார்கள். அச்சீட்டு உள்ள ஒரு ஜோடிக்கு இன்று பல ஆயிரம் டாலர் கொடுக்கிறார்கள்.

ஜிம் ஹாலின் ஈ.எஸ். 175 கிதாரை இதனோடு ஒப்பிடுங்கள். ஹோவர்ட் ராபர்ட்ஸ் என்னும் சக கலைஞரிடமிருந்து பழையதாக வாங்கியது அது. பிற்பாடு அதன் பிக்-அப்பும் மாற்றப்பட்டது. சந்தையின் அளவுகோலில் அது குறையுள்ள பண்டம். பியானோ கலைஞர் பில் எவான்சுடன் 1962-இல் அவர் வாசித்த இருவர் இசையைக் கேட்டவர்கள் அந்த அளவுகோலை மதிக்கமாட்டார்கள்.

எனவே வாங்க எண்ணுவோர் முதலில் மின்னிணைப்பின்றி வாசித்துக் கேட்க வேண்டும். கழுத்து வளைந்திருக்கிறதா, முகப்பு குதிரையின் கீழ் அமிழ்ந்திருக்கிறதா, உள்ளே தாங்குகட்டைகள் விடுபட்டு அதிர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த மெட்டுக்கட்டைகளுக்கு அஞ்ச வேண்டாம், புதியவை பதிக்கலாம். தேய்வு, ஒருவர் அதை விரும்பி வாசித்ததன் தடயம். அஞ்ச வேண்டியது வாசிக்கப்படாமையையே. பழைய ஆர்ச்டாப் கிதார்களின் செல்லுலாய்டுக் காப்புத்தகடு காலப்போக்கில் சிதையும். அதிலிருந்து எழும் ஆவி அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி வெளியேற வழியின்றித் தங்குவதால் கேடு மிகும். காப்பதாக எண்ணிப் பூட்டி வைத்ததே கருவியை அழிக்கிறது.

சேகரிப்பாளர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் இல்லையேல் பல நல்ல கிதார்கள் மறைந்திருக்கும். ஆயினும் அவர்கள் ஏற்றும் விலை, அக்கருவியை வாசிக்கத் தெரிந்த இளைஞனின் கைக்கு எட்டாமல் அதை வைக்கிறது. அவன் வாசிக்காத ஒவ்வோர் ஆண்டும் இசைக்கு நட்டம். அந்த நட்டத்தை எந்த ஏலக் கணக்கும் காட்டாது. நேர்மையாகப் பழுதுபார்த்த கிதாரையும் தீண்டப்படாத கிதாரையும் என் முன் வைத்தால் முன்னதையே எடுப்பேன்.

நம் வட்டமும் பத்தாண்டுகளாகப் பழைய பாடல்களை வாய்விட்டுப் படித்தே வருகிறது. படித்தோம், விவாதித்தோம், சிலவேளை பொருளில் மாறுபட்டோம். பாடல்கள் தேயவில்லை. அவ்வழக்கம் தொடரட்டும்.